கேள்விக்குப் பணம் கட்டுவது யார்?

1995 நவம்பரில் பின்லாந்தின் மளிகைக் கடைகளுக்குப் புதிய மார்கரின் ஒன்று வந்தது. பெயர் பெனெகால். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் சாதாரண மார்கரின் போலத்தான் நிறமும் ருசியும் இருந்தன. விலை மட்டும் பல மடங்கு. அப்படியிருந்தும் வந்த சரக்கு உடனுக்குடன் தீர்ந்தது. தயாரித்த நிறுவனத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதே மாதம் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அந்த மார்கரினைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. தினமும் அதைச் சாப்பிட்டவர்களின் ரத்தக் கொலஸ்ட்ரால் ஓராண்டில் சராசரியாக 10.2 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் மார்கரின் சாப்பிட்டவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

பசியைத் தீர்த்து, உடலுக்குச் சத்தும் கொடுத்து, அதற்கு மேலும் ஒரு குறிப்பிட்ட நன்மையைச் செய்யும் உணவைச் 'செயல்பாட்டு உணவு' என்கிறார்கள். இந்தக் கருத்து ஜப்பானில் வேர்விட்டது. 1984இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் உணவின் செயல்பாடுகளை முறையாக ஆராயும் திட்டத்துக்கு நிதி கொடுத்தது. 1991இல் இத்தகைய உணவுகளுக்கென்றே அங்கே தனி அனுமதி முறை வந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயல்பாட்டு உணவு ஒன்றை உலகமே திரும்பிப் பார்க்க வைத்தது பின்லாந்துதான். அந்த மார்கரின் டப்பாவுக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் கதைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பணம் வந்தது வெவ்வேறு பைகளிலிருந்து. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான், பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் சேர்ந்து செய்யும் உணவு ஆய்வில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரியும்.

முதல் கதை ரஷ்ய எல்லையை ஒட்டிய வடக்குக் கரேலியாவில் தொடங்குகிறது. காடும் ஏரியும் பால்பண்ணையும் நிறைந்த மாவட்டம். மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் கடுமையாக உழைத்த ஆண்கள் நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார்கள். அன்று உலகிலேயே இதய நோய்ச் சாவு மிக அதிகமாக இருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. 1971 ஜனவரியில் மாவட்ட ஆளுநரும் அப்பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து, ஏதாவது செய்யுங்கள் என்று அரசிடம் மனு கொடுத்தார்கள். 1972இல் வடக்குக் கரேலியா திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் பெக்கா புஸ்கா. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவருடைய குழு புதிய மருந்து எதையும் கொண்டுவரவில்லை. புகையை விடு, உப்பைக் குறை, வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், கொழுப்பு நீக்கிய பால், கூடுதலாகக் காய்கறி: சொன்னது இவ்வளவுதான். சொன்ன விதம்தான் புதிது. மார்த்தா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் கூட்டங்கள் போட்டார்கள். பால் விற்பனை குறைந்தால் பிழைப்புப் போகும் என்று பயந்த விவசாயிகளுக்குப் பெர்ரிப் பழச் சாகுபடியைக் காட்டினார்கள். குளிர் நாட்டிலும் விளையும் ரேப்சீட் எண்ணெய்க்குச் சந்தை உண்டானது. இதற்கெல்லாம் பணம் கொடுத்தது அரசு. உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு நாற்பது ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இதில் பெனெகாலின் பங்கு என்று எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. அது கடைக்கு வருவதற்கு முன்பே பெரும்பகுதி இறக்கம் நடந்துவிட்டது. ஆனால் தன் கொலஸ்ட்ரால் அளவைத் தெரிந்துவைத்திருக்கும் மக்களை, ரத்தம் கொடுக்கத் தயங்காத ஊர்களை, பல்லாண்டுக் கணக்குகளை அந்தத் திட்டம்தான் உருவாக்கி வைத்திருந்தது.

இரண்டாவது கதை ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில். டாட்டு மியட்டினென் என்ற மருத்துவர் 1960களிலிருந்தே ஒரே கேள்வியோடு கிடந்தார்: உடலுக்குள் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? இது காண்பதற்கு அழகான ஆராய்ச்சி அல்ல. மலத்தைச் சேகரித்து, உலர்த்தி, அதிலுள்ள பித்த அமிலங்களையும் கொலஸ்ட்ரால் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெரால்களையும் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளக்க வேண்டும். அதற்கான முறையை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 1965இல் வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். ரத்தத்தில் மிகச் சிறு அளவில் மிதக்கும் தாவர ஸ்டெரால்களைப் பார்த்து ஒருவருடைய குடல் எவ்வளவு கொலஸ்ட்ராலை உறிஞ்சுகிறது என்று மதிப்பிடுவதும், லாத்தோஸ்டெரால் என்ற பொருளைப் பார்த்துக் கல்லீரல் எவ்வளவு புதிதாகத் தயாரிக்கிறது என்று மதிப்பிடுவதும் அவர் செழுமைப்படுத்திய வழிகள். விற்க ஒரு பொருளும் கையில் இல்லாமல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இப்படி ஓடின. எந்த நிறுவனத்தின் நிதியாண்டுக் கணக்கிலும் இதற்கு இடம் கிடைத்திருக்காது.

மூன்றாவது கதை ராய்சியோ. துர்க்கு நகரத்தை ஒட்டிய சிற்றூரின் பெயரும் அதுதான். 1939இல் மாவு ஆலையாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயரும் அதுவே. பிறகு எண்ணெய், மார்கரின், தீவனம் என்று வளர்ந்தது. அங்கே வேலை செய்த வேதியியலாளர் இங்மார் வெஸ்டர்.

தாவர ஸ்டெரால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பது வெஸ்டரின் கண்டுபிடிப்பு அல்ல. 1950களின் தொடக்கத்திலேயே கோழிகளிலும், அடுத்து மனிதர்களிலும் அதைக் காட்டியிருந்தார்கள். எலி லில்லி நிறுவனம் சைட்டெலின் என்ற பெயரில் மருந்தாகவே விற்றது. ஸ்டெரால் கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்கான காரணம் சிறுகுடலில் இருக்கிறது. அங்கே வந்து சேரும் கொலஸ்ட்ராலில் உணவோடு வருவதைவிடப் பித்தநீரோடு வருவதே அதிகம். அது தண்ணீரில் கரையாது. ஆகவே பித்த உப்புகள் கட்டியெழுப்பும் மைசெல் என்ற நுண்திவலைக்குள் ஏறித்தான் குடல் சுவரை அடைய முடியும். மைசெல்லில் இடம் குறைவு. உருவத்தில் கொலஸ்ட்ராலை அப்படியே ஒத்திருக்கும் தாவர ஸ்டெரால், பந்தியில் முந்தி உட்கார்ந்துவிட்டு இலையைத் தொடாமலே எழுந்து போகும் விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறது. இடத்தைப் பிடிக்கும், ஆனால் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது மிகச் சொற்பம். இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் மலத்தோடு வெளியேறுகிறது. ஸ்டெராலோடு ஹைட்ரஜன் சேர்த்தால் கிடைக்கும் ஸ்டானால் அதைவிடவும் குறைவாகவே உள்ளே போகும்.

தொல்லை எங்கே என்றால், இந்தப் பொருள் படிகமாக இருந்தது. தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் சரியாகக் கரையாது. மணல் மாதிரி நாக்கில் நெருடும் மாவை நாள்தோறும் பல கிராம் விழுங்க யாருக்கும் மனம் வரவில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகள் வரும் காலத்தில் சைட்டெலின் மறைந்துபோனது. 1989இல் வெஸ்டர், ஸ்டானாலை ரேப்சீட் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்து எஸ்டராக்கினார். அது கொழுப்பில் கரைந்தது. மார்கரினில் கலந்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் வேறுபாடு தெரியவில்லை. குடலில் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்ட, ஸ்டானால் வேண்டிய இடத்தில் விடுபட்டது. மூலப்பொருளும் பின்லாந்தில் கிடைத்தது: காகிதக் கூழ் ஆலைகளில் பைன் மரத்தைக் காய்ச்சும்போது மிஞ்சும் டால் எண்ணெய். மருத்துவ உலகம் கைவிட்ட ஒன்றை ஒரு மார்கரின் வேதியியலாளர் மீட்டார். நிறுவனங்கள் ஆய்வில் சேர வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம். எண்ணெயில் எது கரையும், எது வாயில் நெருடும், எது ஆறு மாதம் குளிர்பெட்டியில் கெடாமல் இருக்கும் என்ற அறிவு பல்கலைக்கழகங்களில் அபூர்வம். அது ஆலையில் இருக்கிறது.

மூன்று கதைகளும் ஓர் ஆய்வில் சந்தித்தன. மார்கரின் ராய்சியோவினுடையது. அளவுகோல் மியட்டினெனுடையது. ஆட்கள் வடக்குக் கரேலியாவைச் சேர்ந்தவர்கள். கொலஸ்ட்ரால் சற்றே கூடுதலாக இருந்த 153 பேரில் 51 பேருக்கு வெறும் மார்கரின், 102 பேருக்கு ஸ்டானால் சேர்த்தது. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டானால் அளவு நாளொன்றுக்கு 1.8 அல்லது 2.6 கிராம். ஓராண்டு முடிவில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 14 சதவீதம் குறைந்திருந்தது. கட்டுரையில் மியட்டினென் பெயரும் புஸ்கா பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அதற்குப் பிறகு நடந்தது பங்குச் சந்தைக் கதை. ராய்சியோவின் பங்கு விலை பல மடங்கு ஏறியது. 1997இல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் கிளை நிறுவனம் உரிமம் வாங்கியது. அமெரிக்காவில் இதை உணவு என்பதா, துணைச் சத்து என்பதா என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போடு இழுபறி நடந்து, 1999இல் உணவாகவே விற்பனைக்கு வந்தது. யூனிலீவர் ஸ்டெரால் எஸ்டரோடு போட்டிக்கு இறங்கியது. அதை இங்கே விட்டுவிடலாம்.

விடக் கூடாத கேள்வி வேறொன்று. கொலஸ்ட்ரால் குறைந்தது சரி, மாரடைப்பு குறைந்ததா? முப்பது ஆண்டுகளாகப் பெனெகால் சந்தையில் இருக்கிறது. ஸ்டானாலோ ஸ்டெராலோ சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைகின்றன என்று நேரடியாகக் காட்டும் பெரிய மருத்துவச் சோதனை இதுவரை இல்லை. எல்டிஎல் குறைந்தால் நோயும் குறையும் என்பது மற்ற சான்றுகளிலிருந்து வரும் நியாயமான அனுமானம். நானும் அதை நம்புகிறேன். ஆனாலும் அனுமானம் வேறு, சோதனை வேறு.

இதன் பக்கத்தில் எஸெட்டிமைப் என்ற மாத்திரையை வைத்துப் பாருங்கள். அதுவும் சிறுகுடலில்தான் வேலை செய்கிறது. அதுவும் கொலஸ்ட்ரால் உள்ளே போவதைத்தான் தடுக்கிறது. மைசெல்லில் இடம் பிடிப்பதற்குப் பதிலாக, குடல் சுவரில் கொலஸ்ட்ராலை உள்ளே வாங்கும் புரதத்தை அடைக்கிறது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் உரிமையாளர்கள் ஏற்கெனவே இதய நோய் கண்ட 18,144 பேரைச் சேர்த்து, ஸ்டாடினோடு இந்த மாத்திரையும் கொடுத்து ஏழு ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. ஸ்டாடின் மட்டும் எடுத்தவர்களில் 34.7 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேர்ந்தன. இரண்டும் எடுத்தவர்களில் 32.7 சதவீதம். வேறுபாடு சிறியதுதான், ஆனால் அசல். மாத்திரைக்கு இந்தப் பதில் கிடைத்தது, மார்கரினுக்குக் கிடைக்கவில்லை. காப்புரிமை பெற்ற மருந்தின் லாபம் அப்படியொரு சோதனையின் செலவைத் தாங்கும். ரொட்டியில் தடவும் பொருளின் லாபம் தாங்காது. மருந்து நிறுவனங்கள் விற்பனையில் 15 சதவீதத்துக்கும் மேல் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது சாதாரணம். உணவு நிறுவனங்கள் ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு சதவீதம் அல்லது அதற்கும் கீழ். கொலஸ்ட்ரால் அளவு இறங்கினால் டப்பாவில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவழிக்க உணவு நிறுவனத்துக்குக் காரணம் கிடையாது. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கணக்கு அப்படி.

நிறுவனத்துக்கு அக்கறையில்லாத கேள்விகளில் தீங்கு பற்றியவையும் அடங்கும். சைட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களின் குடல் தாவர ஸ்டெராலைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். இளம் வயதிலேயே ரத்தக் குழாய் அடைபடும். 1974இல் இந்த நோயை அடையாளம் கண்டதும், 2000இல் அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களைப் பிடித்ததும் மார்கரின் விற்பதற்காக நடந்த ஆராய்ச்சி அல்ல. ஆனால் ஸ்டெரால் சேர்த்த உணவை யார் தொடக்கூடாது என்று இன்று சொல்ல முடிவது அதனால்தான்.

நிறுவனத்தின் பணம் முடிவையே வளைக்குமா? லெனார்ட் லெஸ்ஸர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2007இல் இதை எண்ணிப் பார்த்தார்கள். குளிர்பானம், பழச்சாறு, பால் பற்றிய 206 கட்டுரைகளை எடுத்தார்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், நிறுவனப் பணமே இல்லாதவற்றில் 37 சதவீதம் அந்தப் பொருளுக்குச் சாதகமில்லாத முடிவைச் சொன்னவை. முழுக்க நிறுவனப் பணத்தில் நடந்தவற்றில் அப்படி ஒன்றுகூட இல்லை. இதைப் படித்துவிட்டு ஆய்வாளர்கள் எண்களைப் பொய்யாக எழுதுகிறார்கள் என்று நினைப்பது அவசரம். பெரும்பாலும் வளைவு கேள்வியிலேயே வந்துவிடுகிறது. எதோடு ஒப்பிடுவது, எத்தனை வாரம் பார்ப்பது, எதை அளப்பது என்று முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சாதகமில்லாத முடிவு வந்தால் அதை வெளியிடும் உரிமை ஒப்பந்தத்தில் யாரிடம் இருக்கிறது? ஒரு பல்கலைக்கழகம் நிறுவனத்திடம் பணம் வாங்கும் முன் இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் கையெழுத்துப் போடுவதைவிட அந்தப் பணம் வேண்டாம் என்பது மேல்.

பிரிட்டன் 2007இல் வேறொரு வழியை முயன்றது. உயிரியல், பொறியியல், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளின் அரசு ஆராய்ச்சி மன்றங்களும் உணவு நிறுவனங்களின் கூட்டம் ஒன்றும் சேர்ந்து, ஒரு கோடி பவுண்டு அளவில் 'டிரிங்க்' என்ற ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கின. நிறுவனங்கள் சந்தா கட்டிச் சேரும். பணம் பொதுவில் போய்ச் சேரும். பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டு ஆய்வுத் திட்டம் அனுப்பும். ஒரே சந்தையில் முட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் எல்லாருக்கும் பயன்படும் அடிப்படை அறிவுக்காக ஒரே பையில் பணம் போட்டன. எந்த ஒரு நிறுவனமும் தன் பொருளுக்குச் சாதகமான ஆய்வைத் தனியாக விலைக்கு வாங்க முடியாது என்பதே இதன் பலம். வயிறு எப்போது நிறைந்ததாக உணர்கிறது, தாவரப் பொருள் உடலுக்குள் எப்படி மாறுகிறது போன்ற கேள்விகளுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். ஆயிரக்கணக்கானவர்களைப் பல்லாண்டு பின்தொடரும் சோதனைக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் சட்டம் இறுகியது. உணவுப் பொட்டலங்களில் உடல்நல வாக்குறுதி எழுத அனுமதி கேட்டு 44,000 விண்ணப்பங்கள் குவிந்தன. சலித்துத் தொகுத்து, 2012இல் அனுமதித்த பட்டியலில் இருந்தவை 222. தள்ளப்பட்டவற்றில் பல பொய்யாக இருந்தன என்பதைவிட, போதிய சோதனை செய்யப்படாமல் இருந்தன என்பதே சரி. அனுமதி கிடைத்தாலும் வேறொரு சங்கடம் உண்டு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் நார் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று எழுத அமெரிக்கா 1997இல் அனுமதித்தது. விண்ணப்பம் போட்டு அலைந்தது குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம். அனுமதி வந்த பிறகு, நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற கணக்கில் ஓட்ஸ் விற்கும் எந்த நிறுவனமும் அதே வரியை அச்சிட்டுக்கொள்ளலாம். மக்களுக்கு அது நல்லது. அடுத்த முறை செலவழிக்க முன்வரும் நிறுவனத்துக்கு அது நல்ல சேதி அல்ல.

ஓட்ஸுக்காவது ஒரு குவேக்கர் இருந்தது. கேழ்வரகுக்கு யார் இருக்கிறார்கள்? முருங்கைக் கீரைக்கு? கொள்ளுக்கு? யாரும் சொந்தம் கொண்டாட முடியாத உணவை ஆராய நிறுவனத்தின் பணம் வராது. அதனால் அவற்றைப் பற்றிப் பத்து, இருபது பேரை வைத்துச் சில வாரம் நடத்திய சிறு ஆய்வுகளும், அவற்றை ஊதிப் பெருக்கும் வாட்ஸ்அப் செய்திகளுமே நமக்கு மிஞ்சுகின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்பெயினில் 'பிரெடிமெட்' என்ற சோதனை 2003இல் தொடங்கியது. இதய நோய் வரும் அபாயம் உள்ள 7,447 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் வீடுகளுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய். இன்னொரு குழுவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைகள்: வால்நட், பாதாம், ஹேசல்நட். மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. பணம் பெரும்பாலும் ஸ்பெயின் அரசின் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. எண்ணெயையும் கொட்டைகளையும் விளைவிப்போரும் விற்போரும் இலவசமாகக் கொடுத்தார்கள். சோதனையை வடிவமைப்பதிலோ கணக்குப் போடுவதிலோ முடிவை எழுதுவதிலோ அவர்களுக்குப் பங்கு இல்லை. ஏறத்தாழ ஐந்தாண்டில் எண்ணெய்க் குழுவிலும் கொட்டைக் குழுவிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன. அளந்தது கொலஸ்ட்ராலை அல்ல, நோயையே.

2013இல் வெளியான அந்தக் கட்டுரை 2018இல் திரும்பப் பெறப்பட்டது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குறைகள் இருந்ததைப் புள்ளியியல் சோதனை காட்டிக்கொடுத்திருந்தது. ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களைச் சீட்டுக் குலுக்காமல் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஆளுக்கு ஆள் பிரிப்பதை விட்டுவிட்டு மருத்துவ நிலையம் வாரியாகவே பிரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு எண்ணெயில் சமைக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் சோதனையின் விதி அது அல்ல. ஆய்வாளர்கள் தரவை முழுதாக மறுபடி அலசி, குறை உள்ளவர்களை நீக்கியும் பார்த்து, அதே ஆண்டு மீண்டும் வெளியிட்டார்கள். எண் ஏறக்குறைய அதேதான் வந்தது. முடிவைச் சொல்லும் உறுதியை மட்டும் ஒரு படி இறக்கிக்கொண்டார்கள்.

நிறுவனம் பணம் கொடுத்தாலும் இப்படி நேர்மையாக நடத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவின் 'காஸ்மாஸ்' சோதனை இருக்கிறது. கோகோவிலுள்ள ஃபிளேவனால் இதயத்துக்கு நல்லதா என்று 21,442 முதியவர்களிடம் பார்த்தார்கள். சாக்லேட் நிறுவனமான மார்ஸின் பிரிவு ஒன்று நிதியில் ஒரு பங்கும் மாத்திரைகளும் கொடுத்தது. நடத்தியவர்கள் பாஸ்டன் மருத்துவமனை ஆய்வாளர்கள். 2022இல் முடிவு வந்தபோது, இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் தெளிவாகக் குறையவில்லை என்பதை முதன்மை முடிவாக முன்னால் எழுதினார்கள். இதய நோய்ச் சாவு 27 சதவீதம் குறைந்திருந்ததை இரண்டாம் நிலை முடிவு என்றே குறித்தார்கள். விளம்பரத்துக்கு வசதியான எண் இரண்டாவதுதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அந்த அளவுக்கு நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கத் தெரிந்த அமைப்பு நம்மிடம் இருக்கிறது. அரிசிச் சோற்றில் ஒரு பங்கைக் கேழ்வரகோ வரகோ சாமையோ கொண்டு மாற்றிய வீடுகளையும் மாற்றாத வீடுகளையும் சில ஆயிரம் என்ற கணக்கில் சேர்த்து ஐந்தாண்டு பின்தொடர அதே அமைப்பால் முடியும். பிரெடிமெட்டின் பாடத்தை எடுத்துக்கொண்டு, ஆளைப் பிரிக்காமல் தொடக்கத்திலிருந்தே வீட்டை ஓர் அலகாக வைத்துச் சீட்டுக் குலுக்கலாம். தானியத்தை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சிறுதானியம் விற்கும் பெரிய நிறுவனங்களும் கொடுக்கட்டும். பணமும் தரவும் வெளியிடும் உரிமையும் பொது அமைப்பின் கையில் இருக்கட்டும். ஐந்தாண்டு முடிவில் எண்ண வேண்டியவை மாரடைப்பும் பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும்.